ஈரத்துக்கு என்ன நிறம்

ஷீபா, ஜெனி,

போனில் பேசினால் நீங்கள் இருவரும் "ம்", "சரிப்பா", "சாப்பிட்டாச்சு" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் யாரும் கட் பண்ண முடியாது. நம் சபையின் மாதப் பத்திரிகைக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர் ஏதாவது எழுதக் கூடாதா என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். இதையே அவர்களுக்கும் அனுப்பப் போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1

புரட்டாசியில் ஒரு நாள் காலை, குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கிற அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரேகை எடுக்கிற கண்ணாடியில் என் கட்டைவிரல் பதியவே இல்லை. உப்பு மண்ணில் கை வைத்து வைத்து ரேகை மழுங்கிப்போயிருந்தது. அங்கே இருந்தவர் ஈரத்துணியை நீட்டித் துடைக்கச் சொன்னார். துடைத்துக்கொண்டிருக்கும்போது என் பழைய அட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"பண்ணைக் கூலி. என்ன பயிர்?"

"பயிர் இல்லை. கம்ப்யூட்டரில் மண்ணுக்குப் படம் போடுகிறேன்."

"அட்டையில் கூலி என்றுதானே இருக்கிறது?"

"ஆமாம், அப்படித்தான் இருக்கிறது."

ப்ளஸ் டூவும் ஐ.டி.ஐ.யும் படித்தவனுக்கு இங்கே அந்த வார்த்தைதான் கிடைக்கும். வேலை மாறினாலும் வார்த்தை மாறாது. அந்த வார்த்தை இருக்கிறவரை மனைவி, பிள்ளைகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நீங்கள் கோவில்பட்டியிலும் நான் இந்தப் பாலைவனத்திலும் இருப்பதற்கு அதுதான் காரணம். ஜெனி சின்ன வயதில் கேட்டபோது "ஏரோப்பிளேன்ல எடமில்ல" என்று சொல்லிவைத்திருந்தேன்.

விரல் பதிந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா போன் செய்தாள்.

"அருள் வெதச்ச உளுந்து பூராவும் மொளச்சு வந்து கருகிப் போச்சாம். ஷீபா காலையில இருந்து கதவச் சாத்திக்கிட்டு கெடக்கா. அப்பனும் மகளும் சேந்து அவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திய?"

அருள் உங்கள் தாய்மாமா. எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற கரிசலில் மானாவாரி செய்கிறவர். ஐப்பசி மழையை நம்பித்தான் வருஷமே. நான் அப்படியே வெளியே நடந்துவிட்டேன். புது அட்டையை வாங்காமல் போகிறேன் என்று பின்னால் ஒருவர் ஓடிவந்து கொடுத்தார்.

2

என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே உப்பேறிய மண்ணில் என்ன விளையும் என்று ஆராய்கிற நிலையம் இருக்கிறது. குழி தோண்டத்தான் சேர்ந்தேன். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கம்பி மாதிரி ஒரு கருவியைப் புதைத்துவைப்போம். அங்கே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அது எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களைக் கொண்டு வயலுக்கு நிறம் தீட்டிக் காட்டுகிற மென்பொருள் ஒன்று உண்டு. விலை கிடையாது. பல நாட்டுக்காரர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கலாம், இது சரியில்லை என்று யாரும் சொல்லலாம். குழி தோண்டின நான் மெல்ல மெல்ல அதன் முன்னால் உட்காருகிறவன் ஆனேன்.

ஓட்டலில் காபி என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டே வருகிறதல்லவா? அதுபோல, நாம் எந்த நிறம் என்று சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் தானாக ஒரு நிற வரிசையை எடுத்துக்கொள்ளும். டீஃபால்ட் என்பார்கள். அந்த டீஃபால்ட்டில் எண் குறைந்தால் கருநீலம், ஏறினால் மஞ்சள். அதாவது காய்ந்த இடம் இருட்டாகவும் ஈரமான இடம் பளிச்சென்றும் தெரியும்.

எனக்கு அது பிடிபடவே இல்லை. கரிசலில் மழை விழுந்தால் மண் மை மாதிரிக் கருக்கும். காயக் காயச் சாம்பல் பூத்து வெளுத்து, வாய் பிளக்கும். நான் ஒவ்வொரு தடவையும் நனைந்த இடத்துக்கே திரும்பத் தண்ணீர் திறந்துவிட்டேன். வழிகாட்டிப் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். விஷயம் தெரிந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்களுக்காக எழுதியது அது. முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

சிந்து மாகாணத்துக் காதிர் என்னோடு வேலை செய்கிறார். அவர்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே என் கம்ப்யூட்டரில் மட்டும் நிறங்களைத் தலைகீழாக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குக் கருப்பு என்றால் ஈரம். டீஃபால்ட் என்று வேறொன்று இருப்பதே மறந்துபோயிற்று.

3

ஆவணியில் லீவுக்கு வந்தபோது, நிலையத்தில் கழித்துப்போட்ட கருவிகள் சிலவற்றை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன். விமான நிலையத்தில் வயரும் பெட்டியுமாகப் பார்த்தவுடன் தனியே உட்காரவைத்து, அது என்ன, எதற்கு என்று எழுதித் தரச் சொன்னார்கள். "மண்ணில் ஈரம் பார்க்க" என்று எழுதினேன். அந்த அதிகாரி படித்துவிட்டு, "எந்த மண்ணில்?" என்றார். "எங்கள் மச்சினன் மண்ணில்" என்றேன். விட்டுவிட்டார்.

கருவிகளை அருள் நிலத்தில் புதைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஷீபா, நீ உடைமர நிழலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, என் கம்ப்யூட்டரில் இருந்த அமைப்பையெல்லாம் அதில் ஏற்றினாய். மாமாவுக்குப் படத்தைக் காட்டினாய்.

"மாமா, கருப்பா இருந்தா ஈரம். வெளுத்திருந்தா காஞ்சு கெடக்கு. அவ்வளவுதான்."

"இதுக்கு எதுக்குட்டி கம்ப்யூட்டரு? கரிசக்காட்டுல பொறந்த கழுதைக்கும் தெரியுமே."

ஜெனி விடவில்லை. "கழுதைக்கு மேமண்ணுதான மாமா தெரியும். இது ஒரு சாணுக்குக் கீழ உள்ளதச் சொல்லும்."

"பாத்தியளா அத்தான், ஒங்க மக என்னையக் கழுதைங்கா."

மாமாவின் போனிலும் படம் தெரிய வேண்டும் என்று லிங்கை அனுப்பி வைத்தாய். அவர் சிம்முக்கு அங்கன டவர் கிடைக்கவில்லை. படம் சுற்றிக்கொண்டே இருந்தது. சரி, லிங்க் இருக்கிறதல்லவா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். அந்த வாரமே நான் விமானம் ஏறினேன்.

4

அட்டை அலுவலகத்திலிருந்து நேரே நிலையத்துக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே அருளைக் கூப்பிட்டேன்.

"என்ன நடந்துச்சு மாப்ள?"

"என்னத்தச் சொல்ல. ரெண்டு வாரத்துக்கு முந்திப் பெஞ்ச மழை மேலாக்க நனைச்சுட்டுப் போயிருந்துச்சு. அடியில எறங்கியிருக்கான்னு தெரியணும்லா. அதுக்குத்தான படம். தெறந்து பாத்தேன். காடு பூராவும் கருகருன்னு இருந்துச்சு. வடகெழக்கு மூலை மட்டும் மஞ்சளா வெளுத்துக் கெடந்துச்சு."

"அந்த மூலை பள்ளம்லா?"

"பள்ளந்தான் அத்தான். ஓடைத் தண்ணி வந்து நிக்கிற எடம். அங்கன எப்படிக் காயும்னு எனக்கும் ஒரு யோசனைதான். நீங்க வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தது, புள்ள அதே கம்ப்யூட்டர் படிப்பு படிக்கா. எனக்குப் புரியாத கணக்கு ஏதோ இருக்கும்னு அந்த மூலைய விட்டுட்டு மத்த எடம் பூரா போட்டுட்டேன்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. லிங்கோடு நம் நிறம் போகவில்லை, மாமாவின் போனில் திறந்தது டீஃபால்ட். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று காட்டுகிற பட்டை ஒன்று படத்தின் ஓரத்தில் வரும். சின்னத் திரையில் இடம் போதாதென்று அதையும் மறைத்துவிட்டிருந்தது. நாம் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒழுங்காகச் செய்திருந்தார். நிலத்திலேயே ஈரம் இருந்த ஒரே மூலையை விட்டுவிட்டு, காய்ந்த இடம் முழுவதும் விதைத்திருந்தார். மேல் ஈரத்தில் முளைத்த உளுந்து, வேர்விடக் கீழே ஒன்றும் இல்லாமல் கருகிவிட்டது.

"ரெண்டு வார்த்தை ஏசிரு மாப்ள."

"ஏசி என்ன செய்ய. கம்பியெல்லாம் புடுங்கி மோட்டார் ரூம்புல போட்டிருக்கேன். இன்னொரு தடவ வெதைக்க வெதை இருக்கு. அதுவும் போச்சுன்னா இந்த வருசம் தரிசுதான். நீங்க ஷீபாவ ஒண்ணும் கேக்காதிய. நேத்து வந்து வரப்புல நின்னு பாத்துட்டுப் போயிட்டா."

நான் கேட்கவில்லை. ஷீபா, நீயாகத்தான் அன்று சாயங்காலம் சொன்னாய். "அந்த சாஃப்ட்வேர லேப்டாப்புல இருந்து எடுத்துட்டேம்பா. படிப்ப முடிச்சிட்டு ஏதாவது ஆபீசுல சேந்துக்கிடுதேன். இந்த மண்ணு விவகாரம் எனக்கு வேண்டாம்." அதற்குப் பிறகு எது கேட்டாலும் "ம்" மட்டும்தான்.

5

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வயலுக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். அடுத்த மழை எப்போது வரும் என்று பார்க்கிற சாக்கில் உங்கள் படங்களைப் பார்த்தேன்.

அப்போதுதான், மென்பொருளின் அடுத்த பதிப்புக்கு எந்த நிறங்களை டீஃபால்ட்டாக வைக்கலாம் என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டிருப்பதைக் கண்டேன். யாரும் எழுதலாம். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: எங்கள் ஊரில் ஒரு விவசாயி இந்தப் படத்தால் விதையை இழந்தார். மண் கருத்தால் ஈரம், வெளுத்தால் காய்ந்தது. தண்ணீர்ப் படத்துக்கு நிறத்தைத் தலைகீழாக்குங்கள்.

அந்த மென்பொருளை எழுதுகிற குழுவை நடத்துகிற மார்த்தா என்ற அம்மா மறுநாளே பதில் எழுதினார். விவசாயிக்கு நேர்ந்ததற்கு முதலில் வருத்தம் சொன்னார். முன்பெல்லாம் வானவில் நிறங்கள்தான் டீஃபால்ட்டாக இருந்தனவாம். அந்த நிறங்கள், கோடு இல்லாத இடத்தில் கோடு இருப்பதுபோல ஏமாற்றும், கருப்பு வெள்ளையில் அச்சடித்தால் ஒன்றும் புரியாது என்று பார்த்துப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்களாம். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஒருவர், தன் வாழ்க்கையில் தானாகப் படிக்க முடிந்த முதல் படம் இந்த நிறத்தில்தான் வந்தது என்று கீழே எழுதியிருந்தார். மார்த்தா கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருஷம் இதற்குப் பழகியவர்களுக்கு ஒருநாள் திடீரென்று தலைகீழாக வந்தால், உங்கள் விவசாயிக்கு நடந்ததுதானே அவர்களுக்கும் நடக்கும்?

காதிரிடம் போய்ப் புலம்பினேன்.

"எங்க பக்கம் நிலம் வெளுத்திருந்தா அடியில் தண்ணி ஏறி நிக்குதுன்னு அர்த்தம்" என்றார் அவர். "தண்ணி ஏறி, உப்பை மேலே கொண்டுவந்து பூசிட்டுப் போயிருக்கும். உன் நிறத்தை டீஃபால்ட்டா வெச்சா எங்க அப்பாவோட விதை போகும்."

"அப்ப யார் சொல்லுறதுதான் சரி?"

"எனக்குத் தெரியாது. உன் கம்ப்யூட்டருக்கு மாத்தணும்னா சொல்லு, மாத்தித் தர்றேன். உலகத்துக்கு என்னால ஆகாது."

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் யாரும் கரிசலைப் பார்த்ததில்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள் என்று மறுபடி ஒன்று எழுதிப்போட்டேன். கொஞ்சம் காட்டமாகத்தான். ஜெனிக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பி, உங்கப்பா எப்படிச் சண்டை போடுகிறேன் பார் என்றேன். அவள் அக்காவிடம் காட்டுவாள் என்று நினைத்து அனுப்பவில்லை என்று சொன்னால் அது பொய்.

6

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தில், ஷீபா, உன் பெயர் இருந்தது. அப்பாவுக்கு ஆதரவாக ஏதோ எழுதியிருக்கிறாய் என்று ஆசையாகத் திறந்தேன்.

"மேலே கேட்டிருப்பதை ஏற்க வேண்டாம். நிறத்தில் தவறு இல்லை. சின்னத் திரையில் பட்டையை மறைப்பதுதான் தவறு. பட்டை எப்போதும் தெரிய வேண்டும். அதன் இரு முனையிலும் எண் மட்டும் போதாது, பார்க்கிறவரின் மொழியில் வார்த்தை வேண்டும். ஒருவர் படத்தை இன்னொருவருக்கு அனுப்பினால், அனுப்பியவர் வைத்திருந்த நிறமும் சேர்ந்து போக வேண்டும். அந்த விவசாயிக்குப் படத்தை அனுப்பியது நான்தான்."

மார்த்தா கேட்டார்: "நீங்களும் மேலே எழுதியவரும் ஒரே ஊரா?"

"ஒரே வீடு" என்று எழுதியிருந்தாய்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு நீ முழு வாக்கியமாகப் பேசியது அங்கேதான். அதுவும் உலகமே பார்க்க, நான் சொன்னது வேண்டாம் என்று. எனக்கு முகம் சுட்டது. ஷெட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்து திரும்பப் படித்தேன். மறுபடியும் நடந்தேன். காதிர் பார்த்துவிட்டு, "மகள் ஜெயிச்சுட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

நீ கேட்டதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிறம் மாறாது, பட்டை மறையாது என்று முடிவாயிற்று. தமிழ் வார்த்தைகளையும், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டிப் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும் என்றார்கள். நீ எழுதுகிறேன் என்றாய். எனக்குச் சொல்லவில்லை. ஜெனிதான் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மாமா வீட்டுக்குப் போனபோது அவள்தான் வீடியோ காலில் எனக்கும் காட்டினாள். மாமா உன் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

"உலர்வுன்னு போட்டிருக்கியே தாயி, இது என்ன, திராட்சையா?"

"பின்ன என்ன போட மாமா?"

"காஞ்சதுன்னு போடு. அந்தப் பக்கம் ஈரம்னு போடு. படிச்சவனுக்கும் புரியும், எனக்கும் புரியும்."

நீ அதை மாற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாய். "கம்பிய மறுபடியும் ஊனட்டுமா மாமா?"

அங்கே நீயும் இங்கே நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊனு. ஆனா அடுத்த மழை பெஞ்ச பெறவு நான் கடப்பாரைய வச்சு அங்கங்க நோண்டிப் பாப்பேன். நீ படத்த வச்சிக்கிட்டுப் பக்கத்துல நிக்கணும். ரெண்டும் ஒத்துவந்த எடத்துல மட்டுந்தான் வெதை."

"ஒத்துவரலன்னா?"

"ஒத்துவரலன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி காப்பி குடிப்போம்."

மழை வந்தது. அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஜெனி மாமாவின் பின்னாலேயே போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வடகிழக்கு மூலையில் தோண்டியபோது மண் உருண்டை பிடித்தது. படமும் ஈரம் என்றது. நடுக்காட்டிலும் ஒத்துவந்தது. மேட்டுப் பக்கம் ஓரிடத்தில் மாமாவின் கையில் ஈர மண், உன் படத்தில் காஞ்சது. நீ அங்கேயே மண்டிபோட்டுக் கருவியைத் தோண்டி எடுத்தாய். கரிசல் வெடிப்புக்குள் அது மண்ணைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நீ அதை மண்ணோடு சேர்த்து அழுத்திப் புதைத்தாய். மாமா அந்த மேட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் விதைத்தார். "இது என்ன செய்யுதுன்னு நாலு நாள் பாப்போம்" என்றார். அவர் கருவியைச் சொன்னாரா, உன்னைச் சொன்னாரா என்று ஜெனி கேட்டாள். மாமா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

முளை வந்திருக்கிறது என்று நேற்று அம்மா சொன்னாள். இன்னும் மழை வேண்டும். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தினமும் மேகத்தைப் பார்க்கிறேன், இங்கே பார்த்து என்ன பிரயோஜனம் என்று தெரிந்தும். ஆபீசில் சேருகிறதைப் பற்றி நீ இப்போது பேசுவதில்லை. விட்டுவிட்டாயா, சொல்லாமல் இருக்கிறாயா, அதுவும் எனக்குத் தெரியாது.

7

வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. காதிர் தொழுகைக்குப் போயிருந்தார். நிலையத்தில் வேறு யாரும் இல்லை. புதிய பதிப்பு வந்திருந்தது, ஷீபா, உன் தமிழ்ப் பக்கமும் அதோடு வந்திருந்தது. பொது உபயோகத்துக்குக் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, எதுவுமே தெரியாதவனைப் போல உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் என்ன சொல்கிறதோ அதை மட்டும், முதல் வரியிலிருந்து செய்தேன். அது கஷ்டமாக இருந்தது. கை தனக்குத் தெரிந்ததைச் செய்ய முந்திக்கொண்டு ஓடியது. இழுத்துப் பிடித்துத் திரும்ப வரியைப் படித்தேன். வெடிப்புள்ள மண்ணில் கருவியை எப்படி அழுத்திப் புதைப்பது என்றுகூட எழுதியிருந்தாய்.

படம் வந்தது. பட்டை இருந்தது. ஒரு முனையில் "காஞ்சது", மறுமுனையில் "ஈரம்". ஆனால் எங்கள் சோதனை வயல் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது. ஏன் என்று ஒவ்வொரு படியாகத் திரும்பப் போய்ப் பார்த்தேன். கருவி இருக்கிற இடத்தை அளந்து எழுதச் சொல்கிற படியில், எந்த மூலையிலிருந்து அளக்க வேண்டும் என்று இல்லை.

பக்கத்தின் அடியில் கருத்து எழுத ஒரு கட்டம் இருந்தது. "ரொம்ப நல்லாருக்கு தாயி" என்று அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, "மூன்றாம் படியில் எந்த மூலையிலிருந்து அளக்க வேண்டும் என்று சொல்லவில்லை. என் வயல் திரும்பிவிட்டது. திருத்தவும்" என்று எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.